வாரம் 2,050 டாலர் சம்பளம்... கையில் நிற்பது எவ்வளவு? அமெரிக்க ட்ராவல் தெரபிஸ்ட் வேலையின் உண்மைக் கணக்கு



பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி படித்துவிட்டு அமெரிக்காவில் வேலை பார்க்கிறவர்கள், அங்கே போகத் தயாராகிறவர்கள் எல்லோருக்கும் இந்த மாதிரி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கும்: "13 வார கான்ட்ராக்ட். வாரம் 2,050 டாலர். உடனே சேரலாம்."

உள்ளூர் க்ளினிக்கில் நிரந்தர வேலைக்கு மணிக்கு 42 டாலர்தான் தருகிறார்கள், வாரம் 1,680 டாலர். அப்போ ட்ராவல் வேலையில் வாரத்துக்கு 370 டாலர் கூடுதல். வருஷத்துக்கு 19,000 டாலர் லாபம்! இப்படித்தான் மனசு உடனே கணக்கு போடும்.

அந்தக் கணக்கு சரியா? பிரித்துப் பார்க்கலாம் வாங்க. நீங்கள் தெரபிஸ்ட் இல்லை, சென்னையில் ஐடி வேலை என்றாலும் படியுங்கள். சம்பளத்தை எப்படிப் பிரித்துப் படிக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில், இது என்ன வேலை?

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையிலோ, முதியோர் பராமரிப்பு மையத்திலோ, பள்ளியிலோ தெரபிஸ்ட் பற்றாக்குறை வரும். ஒருவர் பிரசவ விடுப்பில் போயிருப்பார், அல்லது கிராமப்புறம் என்பதால் ஆளே கிடைக்காது. அந்த இடத்தை ஒரு ஏஜென்சி தற்காலிகமாக நிரப்பும். பெரும்பாலும் 13 வாரம். முடிந்ததும் அதே இடத்தில் நீட்டிக்கலாம், அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். பிசியோதெரபிஸ்ட்களுக்குப் பிடி காம்பாக்ட் என்று மாநிலங்களுக்கு இடையே ஒரு ஒப்பந்தம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சொந்த மாநிலம் அதில் உறுப்பினராக இருந்தால், மற்ற உறுப்பு மாநிலங்களில் முழு லைசென்ஸ் எடுக்காமலே அனுமதி வாங்கலாம். இது நேரத்தை மிச்சப்படுத்தும். வேலைக்கு வேலை நடுவே காலியாகப் போகும் வாரங்களும் குறையும். அந்தக் காலி வாரங்கள் எவ்வளவு முக்கியம் என்று கீழே வரும்.

2,050 டாலருக்குள் இரண்டு வகைப் பணம்

அந்த வாரச் சம்பளத்தைப் பிரித்தால் பொதுவாக இப்படி இருக்கும். எண்கள் என் உதாரணம், அமைப்பு நிஜம்:

- வரிக்கு உட்பட்ட கூலி: மணிக்கு 25 டாலர் × 40 மணி = 1,000 டாலர்
- தங்குமிடத்துக்கான ஸ்டைபெண்ட்: 700 டாலர்
- சாப்பாடு, சில்லறைச் செலவுக்கான ஸ்டைபெண்ட்: 350 டாலர்

இந்த ஸ்டைபெண்ட் 1,050 டாலருக்கு வரி கிடையாது என்று ஏஜென்சி சொல்லும். இஷ்டத்துக்குக் கொடுக்கவும் முடியாது, அமெரிக்க அரசின் ஜிஎஸ்ஏ அமைப்பு ஊருக்கு ஊர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025 நிதியாண்டில் தனி விகிதம் இல்லாத ஊர்களுக்குப் பொது விகிதம், ஒரு இரவுக்குத் தங்க 110 டாலர், ஒரு நாளைக்குச் சாப்பாடு மற்றும் சில்லறைச் செலவுக்கு 68 டாலர்.

ஆனால் அந்தப் பணத்துக்கு ஏன் வரி இல்லை? இங்கேதான் நிறைய பேர் நின்று யோசிப்பதே இல்லை.

நம்ம ஊர் ஹெச்ஆர்ஏ-வை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெச்ஆர்ஏ என்று சம்பளச் சீட்டில் இருந்தால் மட்டும் வரிவிலக்கு கிடைக்காது. நிஜமாகவே வாடகை கொடுத்திருக்கணும். சொந்த வீட்டில் இருந்துகொண்டு பொய் ரசீது கொடுத்தால், அது வரி ஏய்ப்பு. கம்பெனி ஒத்துக்கொண்டது என்பது பதிலாகாது.

ட்ராவல் ஸ்டைபெண்டும் அதே குடும்பம்தான். உங்களுக்கு ஏற்கனவே ஒரு வீட்டுச் செலவு இருக்கிறது, வேலைக்காக இன்னொரு ஊரில் இரண்டாவது வீட்டுச் செலவும் வந்துவிட்டது, அந்த இரண்டாவது செலவை ஈடுகட்டத்தான் இந்தப் பணம். முதல் வீடே இல்லை என்றால், ஈடுகட்ட எதுவும் இல்லை. அப்போது அது வெறும் சம்பளம். முழுசாக வரி உண்டு.

டாக்ஸ் ஹோம்: மூன்று கேள்விகள்

அந்த முதல் வீடு விஷயத்தைத்தான் 'டாக்ஸ் ஹோம்' என்கிறார்கள். பொதுவாக, நீங்கள் வழக்கமாக வேலை பார்க்கிற ஊர்தான் உங்கள் டாக்ஸ் ஹோம். அப்படி ஒரு நிலையான வேலையிடம் இல்லாதவர்களுக்கு ஐஆர்எஸ் தன் 463-ஆம் எண் வெளியீட்டில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது:

1. நீங்கள் வீடு என்று சொல்லும் ஊரில் கொஞ்சமாவது வேலை பார்க்கிறீர்களா? அப்போது அந்த வீட்டில்தான் தங்குகிறீர்களா?
2. வெளியூரில் இருக்கும்போதும் அந்த வீட்டுக்கான செலவு ஓடிக்கொண்டே இருக்கிறதா? அதாவது, செலவு இரட்டிப்பாகிறதா?
3. அந்த ஊரோடு உறவு அறுந்துவிடாமல் இருக்கிறதா? குடும்பத்தினர் அங்கே இருக்கிறார்களா, அல்லது நீங்கள் அடிக்கடி வந்து தங்குகிறீர்களா?

மூன்றும் ஆம் என்றால் டாக்ஸ் ஹோம் உண்டு. இரண்டு ஆம் என்றால் உங்கள் சூழ்நிலையைப் பொறுத்தது. ஒன்றுதான் என்றால் நீங்கள் 'ஐட்டினரன்ட்', நிலையான ஊர் இல்லாதவர். எந்த ஊரில் வேலை பார்க்கிறீர்களோ அதுவே உங்கள் டாக்ஸ் ஹோம். ஸ்டைபெண்டுக்கு வரி கட்டியே ஆகணும்.

கூடவே புழங்கும் இரண்டு விஷயங்கள்:

- "50 மைல் தாண்டினால் போதும்." ஐஆர்எஸ் சட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. பல ஏஜென்சிகள் தங்களுக்காக வைத்துக்கொண்ட அளவுகோல் அது. வீட்டுக்குத் திரும்பாமல் இரவு தங்கி ஓய்வெடுக்க வேண்டிய தூரமா என்பதுதான் கேள்வி.
- ஒரே இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை நீடிக்கும் என்று தெரிந்துவிட்டால் அது தற்காலிக வேலை இல்லை. 13 வாரம், 13 வாரமாக நீட்டித்துக்கொண்டே போனாலும் இது பொருந்தும். 'இங்கேயே இருக்கப்போகிறோம்' என்று தெரிந்த நாளிலிருந்தே ஸ்டைபெண்ட் வரிக்கு வந்துவிடும், 12 மாதம் முடியும்வரை காத்திருக்காது.

உதாரணத்துக்கு, ஒஹையோவில் இரண்டு வருஷம் வேலை பார்த்த ஒருவர், அங்கே தன் அறையை விடாமல் மாதாமாதம் வங்கி வழியாக வாடகை கட்டுகிறார். கான்ட்ராக்ட்களுக்கு நடுவே வந்து பழைய க்ளினிக்கில் சில நாள் வேலை பார்க்கிறார். இவருக்கு டாக்ஸ் ஹோம் உறுதி. இன்னொருவர் எல்லாப் பொருளையும் காரில் ஏற்றிக்கொண்டு, நண்பர் வீட்டு முகவரியை மட்டும் ஃபாரத்தில் எழுதிக் கொடுக்கிறார். இவருக்கு இல்லை.

இப்போ முழு வருஷக் கணக்கு

2025 வரி ஆண்டு, திருமணமாகாதவர், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 டாலர். மத்திய வருமான வரியும், சோஷியல் செக்யூரிட்டி மற்றும் மெடிகேருக்கான 7.65% பிடித்தமும் மட்டும் போட்டிருக்கிறேன். மாநில வரி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் சேர்க்கவில்லை. ட்ராவல் வேலையில் ஆறு வாரம் காலியாகப் போகிறது என்று வைத்து 46 வாரம். காலி வாரத்துக்குச் சம்பளம் இல்லை.

அ) நிரந்தர வேலை
- வருமானம் (52 வாரம், சம்பளத்துடன் விடுப்பு உட்பட): 87,360
- வரியும் பிடித்தமும்: 17,351
- வாடகை (மாதம் 1,400): 16,800
- மிச்சம்: 53,209 டாலர்

ஆ) ட்ராவல் வேலை, உண்மையான டாக்ஸ் ஹோம் உண்டு
- வருமானம் (46 வாரம்): கூலி 46,000 + ஸ்டைபெண்ட் 48,300 = 94,300
- வரியும் பிடித்தமும் (கூலிக்கு மட்டும்): 6,911
- சொந்த ஊர் அறை வாடகை (மாதம் 900): 10,800
- வேலை ஊரில் ஃபர்னிஷ்டு வீடு (மாதம் 1,600 × 11): 17,600
- பயணம், லைசென்ஸ் வகையறா: 3,500
- மிச்சம்: 55,489 டாலர்

இ) ட்ராவல் வேலை, டாக்ஸ் ஹோம் இல்லை, ஒழுங்காக வரி கட்டுகிறார்
- வருமானம்: 94,300
- வரியும் பிடித்தமும் (முழுத் தொகைக்கும்): 19,409
- ஃபர்னிஷ்டு வீடு: 17,600
- பயணம், லைசென்ஸ்: 3,500
- மிச்சம்: 53,791 டாலர்

பார்த்தீர்களா? 19,000 டாலர் லாபம் என்று ஆரம்பித்தோம். மூன்று பாதைக்கும் உள்ள வித்தியாசம் 2,300 டாலருக்குள் அடங்கிவிட்டது. நிரந்தர வேலை தரும் முதலாளி 401 கே ஓய்வூதியக் கணக்கில் 3% போட்டாலே 2,600 டாலர். அதிலேயே கணக்கு சமமாகிவிடும்.

சரி, அப்போ "ட்ராவல் வேலையில் அள்ளிவிட்டேன்" என்கிறவர்கள் எப்படி அள்ளுகிறார்கள்? நான்காவது ஒரு பாதை இருக்கிறது. டாக்ஸ் ஹோம் இல்லாதவர், இருப்பதாகக் கையெழுத்துப் போட்டு, ஸ்டைபெண்டுக்கு வரி கட்டாமல் விடுவது. அவருக்கு மிச்சம் 66,289 டாலர். 'இ' பாதையைவிட 12,498 டாலர் அதிகம். அந்த 12,498 எங்கிருந்து வந்தது? வேறு எங்கிருந்தும் இல்லை, கட்டாமல் விட்ட வரி மட்டும்தான். திறமையோ உழைப்போ அதில் ஒரு டாலர்கூட இல்லை.

மூன்று வருஷம் இப்படிப் போய், ஆடிட் வந்தால்? 37,500 டாலர் வரி, அதன் மேல் கவனக்குறைவுக்கான அபராதம் 20% என்றால் 7,500, கூடவே வட்டி. ஏஜென்சி, "எங்களுக்கு எழுதிக் கொடுத்தார், நம்பினோம்" என்று உங்கள் கையெழுத்தைக் காட்டும். கிரீன் கார்டு வாங்கி, பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது வரி பாக்கி பற்றிய கேள்வியும் வரும். அன்றைக்கு இந்த 12,498 ரொம்பச் சின்னத் தொகையாகத் தெரியும்.

கூலி குறைவாக இருப்பதால் சத்தமில்லாமல் போவது

டாக்ஸ் ஹோம் உண்மையாகவே இருந்தாலும், கூலி மணிக்கு 25 டாலர் என்பதற்கு ஒரு விலை உண்டு. நம்ம ஊரில் பேசிக் சம்பளம் குறைந்தால் பிஎஃப், கிராஜுவிட்டி குறைவதைப் போல.

- ஓவர்டைம்: 25 டாலருக்கு ஒன்றரை மடங்கு 37.50. ஆனால் உங்கள் சாதாரண ஒரு மணி நேரத்தின் மொத்த மதிப்பு 2,050 ÷ 40 = 51.25. கூடுதல் மணிக்குக் குறைவான காசு! 2021-ல் ஏஎம்என் என்ற ஏஜென்சிக்கு எதிரான கிளார்க் வழக்கில், 9-வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலை பார்த்த மணிநேரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் பெர் டியம் உண்மையில் சம்பளமே, ஓவர்டைம் கணக்கில் அதைச் சேர்க்கணும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் கான்ட்ராக்டில் ஓவர்டைம் விகிதம் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.
- வீட்டுக் கடன்: வங்கி பொதுவாக நிலையான, வரிக்கு உட்பட்ட வருமானத்தைத்தான் முதலில் பார்க்கும். 94,300 சம்பாதிக்கிறவர், காகிதத்தில் 46,000 சம்பாதிக்கிறவராக நிற்பார்.
- சோஷியல் செக்யூரிட்டி: ஓய்வூதியம் கணக்கிடுவது வரிக்கு உட்பட்ட கூலியை வைத்து. அதிகம் சம்பாதித்த 35 வருஷங்களின் சராசரி அது. பல வருஷம் கூலி குறைவாகப் பதிவானால் ஓய்வூதியமும் குறையும்.

தமிழ்நாட்டிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு

என்பிடிஇ தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, எச்-1பி விசாவில் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒன்று: "திருச்சியில் எங்க வீடு இருக்கே, அது டாக்ஸ் ஹோம் ஆகாதா?" பெரும்பாலும் ஆகாது. அந்த ஊரில் நீங்கள் இப்போது வேலை பார்ப்பதில்லை. அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணம் உங்கள் வீட்டு வாடகையும் இல்லை. மூன்றில் ஒன்று தேறுவதே கஷ்டம்.

இரண்டு: எச்-1பி-யில் உங்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. அதைக் கூலியாகத்தான் கொடுக்கணும். செலவுக்காகத் தரும் பெர் டியத்தை அதில் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. வேலை இல்லாத வாரங்களிலும், அது முதலாளி தரப்புக் காரணம் என்றால், சம்பளம் நிற்கக்கூடாது. "கான்ட்ராக்ட் முடிந்தது, அடுத்தது வரும்வரை சம்பளம் இல்லை" என்று யாராவது சொன்னால், ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள்.

மூன்று: வேலை செய்யும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால், பொதுவாக விசா மனுவைத் திருத்தித் தாக்கல் செய்தாகணும். அதனால் 13 வாரத்துக்கு ஒரு ஊர் என்ற வாழ்க்கை இந்த விசாவில் நடைமுறைக்கு அவ்வளவு எளிதில்லை.

நான்கு: சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும். வருஷத்துக்கு அதிகபட்சம் 4. ஆக, குறைந்தது 10 வருஷம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இது சம்பந்தமாக ஒப்பந்தம் இல்லாததால், இந்தியாவில் கட்டிய பிஎஃப் வருஷங்கள் அங்கே கூடாது. ஐந்து வருஷத்தில் திரும்பி வரும் திட்டமென்றால், அந்தப் பிடித்தம் போனதுதான். அதைத் திரும்பி வரும் ஒரு முதலீடாக எண்ணாதீர்கள்.

ஐந்து: இந்திய சேவிங்ஸ் அக்கவுண்டை என்ஆர்ஓ-வாக மாற்றுங்கள். அமெரிக்காவில் வரி ரெசிடென்ட் ஆனபின், வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலர் தாண்டினால் எஃப்பார் தாக்கல் கட்டாயம். அப்பாவோடு சேர்ந்து போட்ட எஃப்டி-யும் அதில் சேரும்.

அப்போ இந்த வேலை வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. சரியான காரணத்துக்காகப் போங்கள் என்கிறேன். இரண்டு வருஷத்தில் மருத்துவமனை, ஹோம் ஹெல்த், பள்ளி என்று மூன்று நான்கு வகை இடங்களில் அனுபவம் கிடைக்கும். நிரந்தர வேலைக்குப் போகும் முன், எந்த ஊர், எந்த வகை வேலை நமக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ளலாம். குடும்பப் பொறுப்பு வரும் முன் நாடு பார்க்கலாம். படித்து முடித்த கையோடு மட்டும் போகவேண்டாம். 13 வார இடத்தில் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

பணத்தில் லாபம் வரணும் என்றால் மூன்று இடத்தில் கை வைக்கலாம்:

- காலி வாரம்: ஒவ்வொரு காலி வாரமும் 2,050 டாலர் இழப்பு. இந்த கான்ட்ராக்டின் 8-வது வாரத்திலேயே அடுத்ததைத் தேட ஆரம்பியுங்கள்.
- இரண்டாவது வீடு: 1,600-க்குப் பதில் 1,100-க்கு ஒரு அறை கிடைத்தால் 11 மாதத்தில் 5,500 டாலர். மேலே பார்த்த மொத்த லாபத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்!
- வேலை நேரம்: சில முதியோர் மையங்களில் 90% 'ப்ரொடக்டிவிட்டி' கேட்பார்கள். 480 நிமிடத்தில் 432 நிமிடம் நோயாளியோடு. மீதி 48 நிமிடத்தில்தான் குறிப்பெழுதுவது, நடப்பது எல்லாம். முடியாமல் க்ளாக் அவுட் செய்துவிட்டுத் தினமும் ஒரு மணி நேரம் இலவசமாக எழுதினால், உங்கள் மணி மதிப்பு 51.25-லிருந்து 45.56-ஆக இறங்கும். மணிக்கூலி ஊழியரிடம் அப்படி இலவச வேலை வாங்குவது சட்டப்படி தவறும்கூட. நேர்காணலிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. நோயாளிகள் குறைந்தாலும் வாரம் எத்தனை மணிக்கு உத்தரவாதம்?
2. பாதியில் ரத்தானால் எத்தனை நாள் நோட்டீஸ்? வீட்டு அட்வான்ஸ் நஷ்டம் யாருடையது?
3. உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் லீவு போட்டால் ஸ்டைபெண்டில் எவ்வளவு பிடிப்பீர்கள்?
4. ஓவர்டைம் விகிதம் எவ்வளவு?
5. ஹெல்த் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் தொடங்கும்? இடைவெளி வாரங்களில் உண்டா?
6. எனக்கு டாக்ஸ் ஹோம் இல்லை என்றால், முழுத் தொகையையும் வரிக்கு உட்பட்ட கூலியாகத் தருவீர்களா?

ஆறாவது கேள்விக்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம், எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்று பதில் வந்தால், ஜாக்கிரதை.

இந்தியாவில் இருக்கும் நண்பர்களுக்கும் இதே பாடம்தான். ஆன்சைட் பெர் டியம், ஹெச்ஆர்ஏ, "உங்க சம்பளத்தை டாக்ஸ் ஃப்ரீயா ஸ்ட்ரக்சர் பண்ணித் தரோம்" என்று எது வந்தாலும், எந்த நிபந்தனையில் வரி இல்லை, அந்த நிபந்தனை என் வாழ்க்கையில் நிஜமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு வாரக் கணக்கை 52 வாரக் கணக்காக மாற்றிப் பாருங்கள்.

நான் இந்தியாவில் தகுதி பெற்ற ஆடிட்டர். இங்கே சொன்னது புரிதலுக்காக. அமெரிக்க வரித் தாக்கலுக்கு, ட்ராவல் ஹெல்த்கேர் கணக்கு பார்த்துப் பழகிய சிபிஏ அல்லது என்ரோல்டு ஏஜென்ட்டிடம் கான்ட்ராக்டோடு போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு டாலர் வீண் போகாது.

மேலே உள்ள நான்கு பாதைக் கணக்கையும் உங்கள் வாடகை, உங்கள் கூலி போட்டு ஒரு தடவை நீங்களே எழுதிப் பாருங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.